எங்கே கிடைத்தது என்று கேட்காத சந்தை

கொல்கத்தா: தெற்குக் கொல்கத்தாவில் உள்ள அந்தத் திருமண மண்டபத்தின் கதவு காலை பத்து மணிக்குத்தான் திறக்கும். ஒன்பது மணிக்கே படிக்கட்டுகளில் ஐம்பது, அறுபது பேர் நிற்கிறார்கள். வங்காளத்துக் குளிர்காலத்தின் அடையாளமான குரங்குக் குல்லாய் தலையில், தோளில் துணிப்பை, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. பெரும்பாலானோர் ஓய்வு பெற்றவர்கள். கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். பெண்கள் மிகக் குறைவு.

கிழக்கு இந்தியாவின் நாணய சேகரிப்பாளர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கூடும் இடம் இது. அசாமிலிருந்தும் திரிபுராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். அழைப்பிதழில் கண்காட்சி என்று அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே நடப்பது சந்தை. சுவரோரம் வரிசையாகக் கண்ணாடிப் பேழைகள். அவற்றைப் பார்ப்பதற்குக் கூட்டமில்லை. நடுவே போடப்பட்டுள்ள மேஜைகளைச் சுற்றித்தான் நெரிசல். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சிறு மின்தராசு, ஒரு விளக்கு, அட்டைச் சட்டத்துக்குள் செருகிய நாணயங்கள் நிறைந்த தட்டுகள். பேரம் பெரும்பாலும் கண்ணசைவிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

இந்தப் பகுதியின் வரலாறு அந்தத் தட்டுகளில் சிதறிக் கிடக்கிறது. எட்டு மூலைகளுடன் வெட்டப்பட்ட அகோம் மன்னர்களின் வெள்ளி நாணயங்கள் அசாம் வியாபாரியின் மேஜையில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அகோம் நாடு எட்டு மூலைகள் கொண்டது என்று யோகினி தந்திரம் கூறுவதால் நாணயத்துக்கும் அந்த வடிவம் வந்தது என்று விளக்கம் சொல்கிறார்கள். 18-ம் நூற்றாண்டில் சிவசிங்க மன்னரின் காலத்தில் அவருடைய ராணி புலேஸ்வரி, பிரமதேஸ்வரி என்ற பட்டப்பெயரில் தன் நாணயத்தை வெளியிட்டார். பக்கத்துத் தட்டில் திரிபுராவின் மாணிக்கிய மன்னர்களின் சிங்க முத்திரை நாணயங்கள். 15-ம் நூற்றாண்டிலேயே அரசனின் பெயரோடு அரசியின் பெயரையும் பொறித்த நாடு அது. அதற்கும் அப்பால் கூச்பிகார் அரசின் 'நாராயணி' காசுகள். பூட்டான் வரை செல்லுபடியான காசு இது.

தமிழர்களுக்கு அறிமுகமான ஊரின் பெயரும் இங்கே அடிக்கடி காதில் விழுகிறது. 'ஆர்காட் டாகா' என்று வங்காளிகள் கேட்டு வாங்குவது ஆற்காட்டு ரூபாயை. ஆற்காட்டு நாணயச்சாலையின் பெயரைத் தாங்கிய ரூபாய்களைச் சென்னையில் ஆங்கிலேயக் கம்பெனியும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் அச்சடித்தார்கள். தாமரை இருந்தால் சென்னை, பிறை இருந்தால் புதுச்சேரி. கப்பலேறி வந்த அந்த ரூபாய் 18-ம் நூற்றாண்டில் கிழக்கு வங்காளத்தின் அன்றாட நாணயமாகவே இருந்தது.

இங்கே வரும் பலருக்கு விலையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பர்த்வானிலிருந்து வந்திருக்கும் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் எதையும் வாங்குவதில்லை. மேஜை மேஜையாகச் சென்று, அனுமதி கேட்டு, நாணயத்தை நிறுத்து, அளந்து, படம் எடுத்து, நீளமான பேரேட்டில் எழுதிக்கொள்கிறார். பேரேட்டில் ஏழு பத்திகள். மன்னர், உலோகம், எடை, விட்டம், நாணயச்சாலை, ஆண்டு என ஆறு பத்திகள் நிரம்பியிருக்கின்றன. 'கிடைத்த இடம்' என்ற ஏழாவது பத்தி பக்கம் பக்கமாகக் காலியாக இருக்கிறது.

"இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. தனுஜமர்தன தேவரை எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் அவர். வங்காளத்தைச் சுல்தான்கள் ஆண்ட காலத்தின் நடுவே, சக ஆண்டு 1339, 1340 என்று, அதாவது கி.பி. 1417, 1418-ல், ஓர் இந்து மன்னரின் வெள்ளி நாணயங்கள் திடீரென்று தோன்றுகின்றன. அரபி எழுத்துகளுக்குப் பதில் வங்க எழுத்து. சுல்தானின் விருதுகளுக்குப் பதில் 'சண்டியின் திருவடியே கதி' என்று பொருள்படும் சமஸ்கிருத வாசகம். பாண்டுநகரம், சுவர்ணகிராமம், சட்டகிராமம் என மூன்று நாணயச்சாலைகளின் பெயர்கள் அவற்றில் உள்ளன. பாரசீக வரலாற்று நூல்கள் பேசுவதோ ராஜா கணேஷ் என்பவரைப் பற்றி. இருவரும் ஒருவரே என்று சில அறிஞர்களும், அல்ல என்று வேறு சிலரும் வாதிடுகிறார்கள். ஒரு மன்னரின் இருப்பையும் அவருடைய ஆட்சி மேற்கே பாண்டுவாவிலிருந்து கிழக்கே சிட்டகாங் வரை எட்டியதையும் சொல்ல எஞ்சியிருப்பவை அந்த வெள்ளி வட்டங்களே. அவை எந்தெந்த ஊரில், எந்த நாணயங்களோடு கலந்து கிடைத்தன என்பது தெரிந்தால் விவாதம் இன்னும் தெளிவடையும். சந்தைக்கு வந்த நாணயங்களிடம் அதைக் கேட்க முடியாது.

நண்பகலுக்குச் சற்று முன்பு, மால்டா மாவட்டத்திலிருந்து வந்த ஒருவர் மூலை மேஜை ஒன்றின் முன் தயங்கி நிற்கிறார். வயது நாற்பது இருக்கும். சிவப்புக் கட்டம் போட்ட துண்டின் முடிச்சை அவிழ்க்கிறார். நான்கு வெள்ளி நாணயங்கள். அரபி எழுத்துகள். ஓரங்களில் உளியால் வெட்டிய தழும்புகள். அந்தக் காலத்துச் சராபுகள் வெள்ளியின் தரம் பார்க்க வெட்டியவை. எழுத்துகளின் இடுக்குகளில் கறுப்பு மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"வீட்டில் இருந்ததா, தாதா?" என்று கேட்கிறார் மேஜைக்காரர்.

"தாத்தா காலத்திலிருந்து பெட்டியில் இருந்தது."

"அப்படியென்றால் சரி. எந்த ஊர் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். நானும் கேட்கவில்லை."

தராசில் ஒவ்வொன்றும் பத்தரை கிராமைச் சற்றுத் தாண்டுகிறது. மேஜைக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு பார்க்கிறார். சிக்கந்தர் ஷா. 14-ம் நூற்றாண்டின் பிற்பகுதி. பாண்டுவாவில் அதீனா மசூதியைக் கட்டிய சுல்தான். மூன்று நாணயங்களில் நாணயச்சாலையின் பெயர் தெளிவாகத் தெரிகிறது: ஃபிரோஸாபாத். பாண்டுவாவின் அன்றைய பெயர் அது. அந்த ஊர் இன்றைய மால்டா மாவட்டத்தில்தான் இருக்கிறது. பேரம் பத்து நிமிடங்களில் முடிகிறது. மூன்று கை மாறுகின்றன. வெட்டு ஆழமாக விழுந்த நான்காவது நாணயத்துக்கு மேஜைக்காரர் சொன்ன விலை பிடிக்காமல், வந்தவர் அதைத் துண்டிலேயே முடிந்துகொள்கிறார்.

அவர் நகர்ந்ததும் மேஜைக்காரர் சிரிக்கிறார். "தாத்தாவின் பெட்டியில் நிறைய மண் இருந்திருக்கிறது."

வாசலில் மண் குவளைத் தேநீருக்கு நிற்கும்போது மால்டாக்காரரின் பேச்சு சற்றுத் தளர்கிறது. மீன் வளர்க்கக் குளம் வெட்டினார்களாம். மண்வெட்டியில் பானை பட்டு உடைந்ததாம். அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டார்களாம். மொத்தம் எத்தனை என்ற கேள்விக்குப் பதில் இல்லை. "போலீஸுக்குத் தெரிந்தால் காசும் போகும், மனிதனும் போவான்" என்கிறார்.

பத்து ரூபாய்ச் சட்டம்: அவருடைய அச்சம் ஆதாரமற்றதல்ல. இந்தியாவில் மண்ணுக்கடியில் கிடைக்கும் பொருள்களை இன்றும் ஆள்வது 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதைக் கண்டெடுத்தாலும், மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும்; அல்லது அதற்குப் பிணை தர வேண்டும். தெரிவிக்காவிட்டால் பங்கு பறிபோவதோடு ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. 1878-ல் பத்து ரூபாய் என்பது பத்து வெள்ளி ரூபாய். இன்று ஒரே ஒரு வெள்ளிக் காசு அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டிவிடும்.

ஒழுங்காகத் தெரிவித்தால் என்ன கிடைக்கும்? உரிமையாளர் இல்லாத புதையல் என்று மாதக்கணக்கில் நடக்கும் விசாரணையில் முடிவானால், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்குரியவருக்குக் கால் பங்கும் சேரும். காகிதத்தில் தாராளமான ஏற்பாடுதான். ஆனால் அரசு விரும்பினால் அதைத் தானே எடுத்துக்கொள்ளலாம். அப்போது தர வேண்டியது அந்தப் பொருளில் உள்ள உலோகத்தின் மதிப்பும், அதில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. 14-ம் நூற்றாண்டு நாணயமும் நேற்று உருக்கிய வெள்ளித் துண்டும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். மேஜைக்காரர் அதைவிட அதிகம் தருகிறார், உடனே தருகிறார், கேள்வி கேட்பதில்லை. இந்த நிலையில் ஆட்சியர் அலுவலகத்துக்குச் செல்பவரைத்தான் வியப்போடு பார்க்க வேண்டும்.

இந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் தங்கள் நாட்டில் 1996-ல் புதிய புதையல் சட்டம் கொண்டு வந்தார்கள். அங்கே ஓர் அருங்காட்சியகம் புதையலை எடுத்துக்கொண்டால் சந்தை மதிப்பைக் கணக்கிட்டுப் பரிசு தரப்படுகிறது. 1997 முதல், பொதுமக்கள் கண்டெடுக்கும் சிறு பொருள்களை, கிடைத்த இடத்தோடு பதிவு செய்யும் திட்டமும் நடக்கிறது. பொருளைப் பதிந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அப்படிப் பதிவாகியுள்ளன. காலனி ஆட்சியின் சட்டங்களைக் களைவது பற்றி தில்லியில் எத்தனையோ உரைகள் நிகழ்ந்துவிட்டன. இந்தச் சட்டத்தின் பெயர் அவற்றில் அபூர்வமாகவே காதில் விழுகிறது.

இன்னொரு சட்டம் 1972-ம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம். 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு பழமையுள்ள நாணயம் எதுவும் இதன்படி தொல்பொருள். அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியார் எவரும் அதை வெளிநாட்டுக்குக் கொண்டு செல்ல முடியாது. மீறினால் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் மூன்றாண்டுகள் வரை சிறை. இந்த எல்லைக்கோடு ஆண்டுதோறும் ஓராண்டு முன்னே நகர்கிறது. பாட்டியின் அரிசிப் பானையில் கிடந்த 1918-ம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய், 2018 முதல் தொல்பொருள். கோடிக்கணக்கில் அச்சான காசுதான் அது. இருந்தாலும் லண்டனில் வேலை பார்க்கும் பேரன் அதை நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினால் குற்றம். குப்தர் பொன் நாணயத்துக்கும் அதற்கும் சட்டம் வேறுபாடு பார்ப்பதில்லை. உள்நாட்டு வணிகத்துக்கான உரிம முறையைத் தளர்த்தும் வரைவு மசோதா ஒன்றை மத்திய கலாசார அமைச்சகம் 2017-ல் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அது சட்டமாகவில்லை.

காளிகாட்டுப் புதையல்: நாணயங்கள் சிதறுவது கொல்கத்தாவுக்குப் புதிதல்ல. 1783-ல் நகரின் காளிகாட் பகுதியில், ஹூக்ளிக் கரையில், நவகிருஷ்ணா என்பவருக்கு இருநூறுக்கும் மேற்பட்ட பொற்காசுகள் கிடைத்தன. அவர் அவற்றை கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் கொடுத்தார். ஹேஸ்டிங்ஸ் 172 காசுகளை லண்டனில் உள்ள கம்பெனி இயக்குநர்களுக்கு அனுப்பிவைத்தார். சில பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் வேறு சில தொகுப்புகளுக்கும் போய்ச் சேர்ந்தன. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டதாகவே கருதப்படுகிறது. பிற்காலக் குப்தர்களின் காசுகள் அவை என்பதைப் பின்னால் வந்தவர்கள்தான் அறிந்தார்கள். நாணயங்களைப் படிக்கும் கல்வி அப்போது பிறக்கவே இல்லை. அதற்கு வித்திட்ட ஆசியக் கழகம் இதே நகரில் மறு ஆண்டுதான் தோன்றியது. இதே நகரின் நாணயச்சாலையில் உலோகத் தரம் பார்க்கும் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப்தான் 1837-ல் பிராமி எழுத்தைப் படித்தறிந்தார். இரு மொழி வாசகங்கள் கொண்ட இந்தோ - கிரேக்க நாணயங்கள் பழைய எழுத்துகளைப் படிக்கும் அந்தப் பணியில் பெரிதும் கைகொடுத்தன.

1946-ல் பரத்பூர் சமஸ்தானத்தில் பயானா அருகே குப்தர் பொற்காசுக் குவியல் கிடைத்தபோது நிலைமை வேறாக இருந்தது. கிராமத்தார் பங்கிட்டுக்கொண்டது, சில உருகிப்போனது எல்லாம் அங்கும் நடந்தன. ஆனாலும் 1821 காசுகள் மீட்கப்பட்டன. அறிஞர் அல்தேகர் அவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார். ஊரின் பெயரோடு, பானையின் கதையோடு அந்தக் காசுகள் இன்று வரலாற்றில் இருக்கின்றன.

அரிசி இழுக்கும் காசு: பிற்பகலில் மண்டபத்தின் முகம் மாறுகிறது. பள்ளிப் பிள்ளைகள் பெற்றோருடன் வருகிறார்கள். எடைக்கு விற்கும் கலப்புக் காசுக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து, ஆண்டுக்குக் கீழே உள்ள குறியைத் தேடுகிறார்கள். நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரம் இருந்தால் மும்பை, புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் தங்கள் ஊர் கொல்கத்தா. 2011 ஜூன் 30-ம் தேதியோடு செல்லாமல் போன நாலணாவை அவர்களில் பலர் முதல் முறையாகக் கையில் எடுக்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகில் வந்த ஒரு ரூபாய்க் காசு 2007-ல் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டு வங்கதேசத்தில் சவர பிளேடாக மாறியதாகச் செய்திகள் வந்தன. சில்லறைப் பஞ்சத்தால் அசாம் தேயிலைத் தோட்டங்களில் காசுக்குப் பதில் அட்டைத் துண்டு கொடுத்தார்கள். அப்படியோர் அட்டை கிடைக்காதா என்று கேட்டு அலைகிறவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்.

மத்திய அரசு நாணயச்சாலையின் கடையில் தாகூரின் 150-வது பிறந்த ஆண்டுக்காக வந்த 150 ரூபாய் நாணயத்தைத்தான் வங்காளிகள் கேட்கிறார்கள். கையிருப்பில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த 1000 ரூபாய் வெள்ளி நாணயமும் இல்லை. அடுத்த மேஜையில் இரண்டும் இருக்கின்றன, கூடுதல் விலைக்கு.

ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்களும் உண்டு. வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று செல்பேசியில் பார்த்துவிட்டு, நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்திருக்கிறார் ஓர் ஆட்டோ ஓட்டுநர். 2012-ல் தாராளமாக வெளியான காசு அது. இத்தகைய பேச்சை நம்பி முன்பணம் கட்டி ஏமாறுவது பெருகியதால், பழைய நோட்டு, காசு வணிகத்தில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. இன்னொருவர் கொண்டு வந்திருப்பது ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 'கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா, 1818'. அரிசி மணிகளை ஈர்க்கும் என்று சொல்லி யாரோ விற்றிருக்கிறார்கள். சென்னையில் கம்பெனி அடித்த பொன் வராகனில் தெய்வ உருவம் இருந்தது உண்மை. இந்த அரை அணாவைக் கம்பெனி அச்சடித்ததே இல்லை. மேஜைக்காரர்கள் இதைச் சொல்லும்போது வந்தவர் நம்ப மறுக்கிறார். தன்னிடமிருந்து மலிவாகப் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று எண்ணி, காசை இறுகப் பொத்திக்கொண்டு போய்விடுகிறார்.

2016 நவம்பர் 8-ல் செல்லாததாக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகளையும் தேடுகிறார்கள். வரிசை எண்ணில் ஆர்வமுள்ளவர்கள். 2017-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அந்த நோட்டுகளைச் சாதாரண மக்கள் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கோ நாணயவியலுக்கோ என்றால் 25 வரை வைத்திருக்கலாம். மீறினால் பத்தாயிரம் ரூபாய் அல்லது நோட்டுகளின் முகமதிப்பைப் போல் ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது அபராதம். நாட்டின் சட்டப் புத்தகத்தில் நாணய சேகரிப்பாளன் என்ற பிரஜைக்குக் கிடைத்துள்ள தனிச் சலுகை அந்தக் கூடுதல் பதினைந்து நோட்டுகள்தான். மேஜைக்காரர் ஒருவர் தன்னிடமுள்ளவற்றை நாள்தோறும் எண்ணிப் பார்ப்பதாகச் சொல்கிறார். விளையாட்டாகச் சொல்வதாகத் தெரியவில்லை.

பேராசிரியர் இந்த மேஜைகளின் பக்கம் வருவதில்லை. ஏலப் பட்டியல்களை விற்கும் கடையருகே நாற்காலி போட்டு, காலையில் எழுதியதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். பளபளப்பான தாளில் அச்சாகும் அந்தப் பட்டியல்களில் படமும் எடையும் துல்லியமாக இருக்கும். நூறாண்டு கடந்த நாணயத்தை வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கும். கிடைத்த இடம் மட்டும் இராது.

வியாபாரிகளைத் திருடர்கள் என்று திட்டுவதில் தனக்கு உடன்பாடில்லை என்கிறார் அவர். "இவர்கள் இல்லாவிட்டால் அந்தக் காசுகள் தட்டானின் குகையில்தான் உருகும். என் தந்தையின் காலத்தில் அப்படித்தான் நடந்தது. இப்போது காசு பிழைக்கிறது. முகவரி செத்துப்போகிறது." ஊரை மட்டும் சொல்லட்டும், பெயர் கேட்க மாட்டோம், வழக்கு வராது என்று ஓர் அரசு அறிவித்துவிட்டால், தன் பேரேட்டின் ஏழாவது பத்தியில் பாதியாவது நிரம்பும் என்பது அவருடைய கணக்கு. அறிவிக்கும் அதிகாரம் உள்ள எவரும் இந்த மண்டபத்துக்கு வந்து அவர் பார்த்ததில்லை.

மாலை ஏழு மணி. மேஜைகளில் தட்டுகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மால்டாக்காரர் இரவு ரயிலைப் பிடிக்க சியால்தாவுக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு எப்போது நடக்கும் என்று வாசலில் கேட்டுக்கொண்டு போனாராம்.

நுழைவாயிலுக்கு அருகே உள்ள மேஜையில், காலையில் மூலை மேஜையில் கை மாறிய மூன்று நாணயங்களும் இருக்கின்றன. இடையில் இன்னொரு முறையும் கை மாறியிருக்க வேண்டும். விலை இரட்டிப்பாகியிருக்கிறது. நன்றாகக் கழுவியிருக்கிறார்கள், எழுத்து இடுக்குகளில் மண் இல்லை, வெள்ளி மின்னுகிறது. பேராசிரியர் அனுமதி கேட்டு ஒவ்வொன்றாக நிறுக்கிறார், படம் எடுக்கிறார், எழுதுகிறார். சிக்கந்தர் ஷா, வெள்ளி, ஃபிரோஸாபாத். பிறகு அட்டைச் சட்டத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறார். புது மையில் இரண்டு சொற்கள்: 'பழைய சேகரிப்பு'.